குண்டு மட்டும்தான் செராமிக்

"செராமிக் பேரிங் போட்டாச்சு அண்ணா, இனி துருவும் இல்லை, கிரீஸும் வேண்டாம்." தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மோட்டார் பழுது பார்க்கும் எங்கள் பட்டறையில் இதை அடிக்கடி கேட்கிறேன். அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் ஹைபிரிட் பேரிங்தான். உள்ளே உருளும் குண்டு சிலிக்கான் நைட்ரைடு. அதைத் தாங்கும் இரண்டு வளையங்களும் வழக்கமான எஃகு. எஃகுக்கு என்ன வருமோ அது இதற்கும் வரும், அதுவும் எங்கள் ஊர் உப்புக் காற்றில். சைக்கிள் ஓட்டும் தம்பி ஒருவர், சக்கரம் லேசாகச் சுழலட்டும் என்று கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டார். கடற்கரைச் சாலையில் சில மாதம் ஓட்டியதும் குண்டுகள் பளபளவென்று இருந்தன, வளையத்தில் செந்துரு!

சுத்தியலால் தட்டி ஏற்றுவது அடுத்த தவறு. செராமிக் குண்டு எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. அழுத்தினால் அது நசுங்கிக் கொடுக்காது. தொடும் இடம் சிறிதாகி அழுத்தம் முழுவதும் வளையத்தில் இறங்கும். ஒரே அடியில் பள்ளம் விழுந்துவிடும், பிறகு ஓடும்போது கரகரவென்று சத்தம். ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கில் செய்த குண்டை வாங்குகிறவர்களும் உண்டு. கன சென்டிமீட்டருக்கு கிராம் கணக்கில் சிலிக்கான் நைட்ரைடின் அடர்த்தி சுமார் 3.2, எஃகு 7.8, ஜிர்கோனியா 6. வேகத்தில் குண்டு வெளிப்பக்கம் தள்ளும் விசை எடையைப் பொறுத்தது. குண்டு லேசாக இருப்பதால் வரும் லாபத்தில் பெரும்பங்கு ஜிர்கோனியாவில் போய்விடும். நீராவி படும் இடமென்றால் ஜிர்கோனியா நாளாவட்டத்தில் வலுவிழக்கவும் செய்யும். சர்க்கரை ஆலைக்காரர்கள் கவனிக்க.

வளையமும் செராமிக்காக உள்ள முழு செராமிக் பேரிங்கை எஃகு ஷாஃப்டில் இறுக்கிப் போடாதீர்கள். சூடேறினால் எஃகு சிலிக்கான் நைட்ரைடைப் போல மூன்று, நான்கு மடங்கு விரியும். இழுவிசை தாங்காத வளையம் வெடித்துவிடும்.

எனக்கு அதிகம் வேலை தருவது மின்சாரச் சிக்கல். வேகம் மாற்றும் டிரைவில் ஓடும் மோட்டாரின் ஷாஃப்டில் மின்னழுத்தம் சேர்ந்து, பேரிங் வழியாகப் பொறியாய்ப் பாயும். வளையம் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாகிவிடும். செராமிக் குண்டு மின்சாரத்தை விடாது; சரி, மோட்டார் பேரிங் பிழைக்கும். ஆனால் மின்னழுத்தம் ஷாஃப்டிலேயேதான் இருக்கிறது, அதற்கு வேறு வழி வேண்டுமே? மோட்டாரையும் அது ஓட்டும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் வழியாகப் பம்ப்புக்குள் போகும். ஒருவர் மோட்டாரின் இரண்டு பக்கமும் ஹைபிரிட் மாற்றிவிட்டுப் போனார். ஷாஃப்டை எர்த் செய்யும் பிரஷ் வீண்செலவு என்றார். ஆறு மாதத்தில் அதே வரிகளோடு பம்ப் பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.