இங்கிலாந்தில் வரிசை வீட்டுக்குக் குடிபோகும் மலையகத்தாருக்கு

நுவரெலியா தபால் கந்தோரையும் ஹில் கிளப்பையும் பார்த்து வளர்ந்தவர்கள், இங்கிலாந்து என்றதும் புல்வெளியும் புகைபோக்கியுமாக ஒரு பங்களாவைத்தான் நினைப்பார்கள். படிக்கவோ வேலைக்கோ போகிறவருக்கு லீட்ஸ், பிராட்ஃபோர்ட், லெஸ்டர் பக்கம் கட்டுப்படியாகும் வாடகையில் கிடைப்பது பெரும்பாலும் செங்கல் வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச் சுவர், கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் சின்ன முற்றம். லீட்ஸில் பின்சுவரும் பொதுவாக உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன, நம் இரட்டை லயம் மாதிரியே. ஆகவே பக்கத்து வீட்டு இருமல் கேட்பது நமக்குப் புதிதில்லை. பூட்டிய வீட்டுக்குள் சேரும் ஈரமும், எதற்கெடுத்தாலும் கேட்கும் கடுதாசிகளும்தான் புதிது.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு, படத்தை மட்டும் பார்த்துக் காசு அனுப்ப வேண்டாம். முதல் இரண்டு வாரம் தெரிந்தவர் வீட்டில் தங்கி, நேரில் பார்த்துப் பேசுங்கள். 2019 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வீட்டைப் பிடித்துவைக்கக் கேட்கும் முற்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. சாதாரண வீடுகளுக்கு வைப்புப் பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் போட்டு, விவரத்தை எழுத்தில் தர வேண்டும். அவரும் அதே வீட்டில் குடியிருந்து உங்களுக்கு ஓர் அறையை மட்டும் விட்டிருந்தால் இந்தத் திட்டம் பொருந்தாது. விசா நிலையைக் காட்டும் 'ஷெயார் கோட்' எண்ணை அவர் கேட்பார். அது சட்டப்படியான சோதனை, பயப்பட ஒன்றுமில்லை.

வீடு பார்க்கும்போது குசினியின் அழகில் மயங்காமல் படுக்கையறையின் வெளிச்சுவர் மூலையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகளோ, அந்த மூலைக்கு மட்டும் அடித்த புதுப் பெயின்டோ தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டின் எரிசக்தித் தரச் சான்றில் 'ஏ' (மிக நல்லது) முதல் 'ஜி' (மிக மோசம்) வரை ஓர் எழுத்து இருக்கும். பொதுவாக 'ஈ'க்குக் கீழே உள்ள வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. 'ஈ' வீட்டின் வாடகை குறைவாக இருக்கும், குளிர்கால பில் அதை விழுங்கிவிடும். காஸ் இணைப்பு உள்ள வீட்டுக்கு வருடாந்தப் பாதுகாப்புச் சான்றின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே கரண்ட், காஸ் மீட்டர்களைப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு சுவர், கம்பளம், அடுப்பு, மெத்தையையும் திகதி தெரியும்படி படம் எடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தண்ணீரை மொத்தமாக மூடும் குழாய் பெரும்பாலும் குசினித் தொட்டிக்குக் கீழே இருக்கும். அதை அன்றே தேடி வையுங்கள், குழாய் வெடித்த இரவில் தேட முடியாது. தோட்டக் கந்தோருக்குக் கடிதம் வந்து பழகிய நமக்கு, அங்கே முகவரி எவ்வளவு பெரிய விஷயம் என்பது உடனே புரியாது. வங்கிக் கணக்கு முதல் பல அலுவல்களுக்கு உங்கள் பெயரில் ஒரு பில் வேண்டும். வைத்தியரிடம் பதிய மட்டும் முகவரிச் சான்று கட்டாயமில்லை, அதனால் அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

உள்ளூர் சபைக்குக் கட்டும் வரியான கவுன்சில் டாக்ஸ் வாடகைக்குள் அடங்கியதா என்று முன்பே கேளுங்கள். தனியாக இருப்பவருக்கு 25 வீதம் கழிவு உண்டு. வீட்டிலுள்ள எல்லாரும் முழுநேர மாணவர் என்றால் கட்டவே தேவையில்லை. இரண்டுமே விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

இனி குளிர். நுவரெலியாவின் தை மாத உறைபனி பார்த்தவர்கள் கம்பளி போர்த்திச் சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். ஆளுக்குக் கம்பளி போதும், வீட்டுக்குப் போதாது. லயத்தில் அடுப்பெரியும், கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போகும். அங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல், இண்டு இடுக்கெல்லாம் அடைத்த வீடு. நாலு பேர் தூங்கி, இருவேளை சோறு வடித்து, துணியையும் உள்ளே காயப்போட்டால் ஒரு நாளில் பல லீட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அந்த ஆவி கண்ணாடியிலும், வெளிச்சுவர் மூலையிலும், அலுமாரிக்குப் பின்னாலும் நீராகப் படியும். சில வாரத்தில் அங்கே பூஞ்சணம் பிடிக்கும்.

காலையில் ஜன்னல் நீரைத் துணியால் ஒற்றித் தொட்டியில் பிழிந்துவிடுங்கள். முன் ஜன்னலையும் பின் ஜன்னலையும் ஒருசேரப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், குளிருகிறதே என்று பார்க்க வேண்டாம். ஜன்னல் சட்டத்தின் மேலுள்ள சிறு காற்றுத் துவாரத்தை டேப் போட்டு ஒட்டுவது நம்மவர்கள் செய்கிற முதல் வேலை, பூஞ்சணத்துக்கு அதுவே அழைப்பு. அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். குளித்த பிறகு கதவைச் சாத்தி, குளியலறையின் ஈரக் காற்றை வெளியேற்றும் விசிறியை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், தூள் பறந்து மற்ற சுவர்களுக்கும் போகும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, படத்தோடு எழுத்தில் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். அவர் அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவு இருக்கிறது.

தண்ணீரைச் சூடாக்கி வீட்டுக்கும் வெப்பம் தரும் காஸ் பாய்லர் உள்ள வீட்டில் தனி மின்சார ஹீட்டரை நம்பாதீர்கள். 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு இரண்டு யூனிட் தின்னும், கரண்ட் யூனிட் காஸ் யூனிட்டைவிடச் சுமார் நாலு மடங்கு விலை. பாய்லரின் அழுத்த முள் ஆறிய நிலையில் 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு, அடியில் உள்ள வளையும் குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறவுங்கள். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும். முள் 1.3 வந்ததும் இரண்டு வால்வையும் இறுக்கி மூடுங்கள். மறந்தால் முள் 3 வரை ஏறி, வெளிச்சுவர்க் குழாயில் தண்ணீர் சொட்டும். வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்கும் வேலை பதிவுபெற்ற காஸ் பொறியாளருடையது. கடும் உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும். காஸ் மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 எண்ணுக்கு அழையுங்கள்.

செத்தல் மிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். குசினிக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்த பிறகு எண்ணெயைக் காயவையுங்கள். பேட்டரியைக் கழற்றி வைக்கவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், நுவரெலியாவில் போத்தலைக் கவிழ்த்தாலும் விழாத அதே எண்ணெய்தான். அங்கே தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கட்டியாகும். சட்டியைக் கடுதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள்.

குப்பைத் தொட்டியின் நிறமும் நாளும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அஞ்சல் குறியீட்டைக் கவுன்சில் இணையத்தளத்தில் போட்டால் அட்டவணை வரும். முந்திய இரவே வெளியே வைத்து, மூடி மூடியிருக்கும்படி பாருங்கள். மீள்சுழற்சித் தொட்டியில் சோறு ஒட்டிய டப்பா கிடந்தால் முழுத் தொட்டியையும் எடுக்காமல் போய்விடுவார்கள். பழைய மெத்தையைத் தெருவில் போட்டால் அபராதம்.

இரவு 11 முதல் காலை 7 வரை சலவை மெஷின், ஸ்பீக்கர் போட்ட கோல் எல்லாவற்றையும் அடக்குங்கள். இலங்கையில் காலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. தீபாவளி இரவில் வெடிக்கு அதிகாலை 1 மணி வரை அனுமதி உண்டு, ஆனாலும் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொங்கல் கொடுப்பதென்றால் முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். வாசலுக்கு எதிரே பொதுத் தெருவில் உள்ள பார்க்கிங் இடம் யாருக்கும் சொந்தமில்லை. வேறொருவர் நிறுத்தினால் சண்டைக்குப் போகாதீர்கள்.

காலி செய்யும்போது பணம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் சுத்தத்துக்குத்தான்: அடுப்பின் உட்பக்கம், புகை உறிஞ்சியின் எண்ணெய் வலை, மஞ்சள் கறை பட்ட மேசைப் பலகை. வலையைக் கழற்றி, சுடுநீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்தால் எண்ணெய் கழன்றுவிடும். முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுத்து, மீட்டரையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நியாயமில்லாமல் கழித்தால் வைப்புப் பணம் கிடக்கும் திட்டத்திலேயே இலவசமாக முறையிடலாம். அங்கே அந்தப் படங்களைத்தான் சாட்சியாகக் கேட்பார்கள்.