ஃபைபர் நின்ற இடத்திலிருந்து 6 கிலோமீட்டர்: கேபிள் ஆபரேட்டருக்கான 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு

ரயில் பாதையைக் கடக்க அனுமதி கிடைக்காமலோ, நெடுஞ்சாலையோரம் தோண்ட முடியாமலோ ஃபைபர் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்தப் பக்கத்து அறுபது வீடுகள் இணையம் கேட்டுக்கொண்டே இருக்கும். இதைத் தாண்ட மலிவான வழி இரண்டு ரேடியோ, இரண்டு டிஷ். கீழே உள்ள கணக்கெல்லாம் 6 கி.மீ. தூரத்துக்குப் போட்டது. உங்கள் தூரம் வேறானால் எண்கள் மாறும், செய்முறை மாறாது.

முதலில் காகிதம். கேபிள் டிவி பதிவு இருந்தால் இணையம் விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள், முடியாது. அந்தப் பதிவு முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் நடந்தது, 2025 ஜனவரியிலிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே ஆன்லைனில் தருகிறது. ஆனால் அது டிவிக்கு மட்டும்தான். இணையத்துக்கு, உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தின் கூட்டாளியாகச் சேரலாம், அல்லது சொந்தமாக உரிமம் எடுக்கலாம் (ஏ பிரிவு நாடு முழுக்க, பி ஒரு தொலைத்தொடர்பு வட்டம், அதாவது பெரும்பாலும் ஒரு மாநில அளவு, சி அதைவிடச் சிறிய பகுதி). தெருமுனை வைஃபை மட்டும் போதும் என்றால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வானி என்ற பொது வைஃபை திட்டத்தில் பிடிஓ (வைஃபை முனை நடத்துபவர்) ஆகலாம். அதற்கு உரிமமும் கட்டணமும் கிடையாது. வீட்டு இணைப்புதான் நோக்கம் என்றால் கூட்டாளி வழியே நடைமுறைக்கு ஏற்றது.

அடுத்து அலைக்கற்றை. 2018 அக்டோபரில் வந்த விதிகளின்படி 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ், ஆக மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. டவருக்கு ஏற்றது கடைசித் துண்டு. அதில் டிஷ்ஷிலிருந்து வெளியேறும் மொத்தத் திறன் 36 டிபிஎம், அதாவது 4 வாட் வரை போகலாம். உரிமம் வேண்டாம் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. பக்கத்து ஆபரேட்டர் நாளை அதே சேனலில் வந்து உட்கார்ந்தால் புகார் கொடுக்க இடமில்லை. உரிமம் பெற்ற ஒருவருக்கு உங்களால் இடையூறு என்றால் நிறுத்த வேண்டியது நீங்கள்தான். முதல் துண்டின் மேல்பாதியையும் (5250–5350) இரண்டாம் துண்டையும் (5470–5725) ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடாரின் துடிப்பு கேட்டால் கருவி தானே சேனலை விட்டு ஓடும். புதுச் சேனலில் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்த பிறகுதான் மறுபடி அலை விடும். அதுவரை வாடிக்கையாளர் போன் அடித்துக்கொண்டிருப்பார். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் சி-பேண்டு (5 கிகாஹெர்ட்ஸும் இதற்குள் அடங்கும்) வானிலை ரேடார் இருப்பதால் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

6 கிகாஹெர்ட்ஸை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். 2025 மே மாத வரைவு விதிகளில் வெளிப்புறத்துக்குச் சொன்ன அளவு 14 டிபிஎம். அது பையிலிருக்கும் போனுக்கு, டவருக்கு இல்லை.

கருவி வாங்கும்போது ஈடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று எண் கேளுங்கள். செட்டிங்கில் நாடு ‘இந்தியா’ என்றே இருக்கட்டும். வேறு நாட்டைப் போட்டுத் திறனை ஏற்றுவது சட்டவிரோதம்; பலனும் இல்லை. ஏன் என்பதற்குக் கணக்கு இதோ.

5.8 கிகாஹெர்ட்ஸில் 6 கி.மீ. கடக்கும்போது இழப்பு 123 டெசிபல். வெளியேறுவது 36, எதிர்முனை டிஷ் 25 டிபிஐ (டிஷ் அலையைக் குவிக்கும் அளவு) என்றால் 36 – 123 + 25 = –62 டிபிஎம் வந்து சேரும். இதற்கு ரேடியோவின் திறனை 11-க்கு வைக்க வேண்டும் (11 + 25 = 36). இப்போது டிஷ்ஷை 30 டிபிஐ ஆக்கினால் ரேடியோவை 6-க்குக் குறைக்க வேண்டும். ஆனால் வாங்கும் பக்கம் 5 டெசிபல் கூடி –57 ஆகிறது. வரம்பு அனுப்புவதற்குத்தான், கேட்பதற்கு இல்லை. கூடவே பெரிய டிஷ்ஷின் பார்வை குறுகலானது, பக்கத்து இரைச்சல் குறைவாக விழும். ஆகவே காசு இருந்தால் டிஷ்ஷில் போடுங்கள்.

உயரம்தான் பெரும்பாலான இணைப்புகளைக் கெடுக்கிறது. எதிர் டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அலை நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கிய சுருட்டு வடிவில் போகிறது. 6 கி.மீ.க்கு நடுவில் அதன் ஆரம் 8.8 மீட்டர்; அதில் 60 சதவீதம், 5.3 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு அரை மீட்டர் சேருங்கள். நடுவழியில் 16 மீட்டர் தென்னந்தோப்பு இருந்தால் 16 + 5.3 + 0.5, மரம் வளர இன்னும் 2 மீட்டர், ஆக 24 மீட்டர். மூன்று மாடிக் கட்டடம் 10 மீட்டர் என்றால் அதன் மேல் 14 மீட்டர் லேட்டிஸ் (கம்பிச் சட்டப் பின்னல்) டவர் வேண்டும், இரு முனையிலும். வெறும் இரண்டு அங்குல ஜிஐ பைப்பை இந்த உயரத்துக்கு நிறுத்தாதீர்கள். காற்றில் ஆடும், ஒரு டிகிரி திரும்பினால் எதிர்முனையில் குறி 105 மீட்டர் தள்ளிப்போகும். டவரை இழுத்துக் கட்டும் ஸ்டே வயர் மூன்று திசையில், 120 டிகிரி இடைவெளியில், கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளோடு.

தென்னையைப் பற்றி இன்னொன்று. மழை பெய்தால் லிங்க் போகிறது என்று சொல்வார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தூரத்துக்கு மழைத்துளி பெரிதாகத் தின்பதில்லை. நனைந்த மட்டை தின்னும், தண்ணீர் புகுந்த கனெக்டர் தின்னும். மழை விட்டு மட்டை காய்ந்ததும் சிக்னல் திரும்பினால் மரம். இரண்டு நாள் ஆகியும் திரும்பாவிட்டால் கனெக்டர்.

டவரில் ஏற்றும் கேபிள் வெளிப்புறத் தரம், ஷீல்டு உள்ள கேட்-5இ, உலோக ஆர்ஜே-45. பிஓஇ அடாப்டரிலிருந்து (அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பெட்டி) ரேடியோ வரை 100 மீட்டருக்குள். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு சர்ஜ் புரொடெக்டர். டவருக்கு எர்த், 10 ஓமுக்குக் கீழ். கட்டடத்தின் எர்த்தோடு அதை இணைத்தே ஆக வேண்டும். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் இடையில் உருவாகும் மின்னழுத்தம் உங்கள் ஸ்விட்ச் வழியாகத்தான் பாயும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்சாரம்: ரேடியோ, ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து 35 வாட் என்று வைத்தால், 12 வோல்ட் 100 ஏஹெச் பேட்டரியைப் பாதிவரை மட்டும் இறக்கினாலும், வீணாவது போக 14 மணி நேரம் தாங்கும்.

திசை பிடிக்க இருவர் வேண்டும், ஆளுக்கொரு முனை, கையில் போன். ஒரு பக்கம் அசையாமல் இருக்க, மறுபக்கம் டிஷ்ஷை இடமிருந்து வலமாக மெதுவாக, முழுதாகச் சுற்றுங்கள். சிக்னல் அளவில் நடுவே ஒரு பெரிய மேடும் இருபுறமும் இரண்டு சின்ன மேடும் தெரியும். அவசரக்காரர்கள் சின்ன மேட்டில் போல்ட்டை முடுக்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கணக்கில் –62 வர வேண்டிய இடத்தில் –75 நின்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான். கிடைமட்டம் முடிந்ததும் மேல்-கீழ், பிறகு மறுமுனை. ரேடியோ விடும் இரண்டு முனைவாக்கங்களின் (ஒன்றுக்கொன்று குறுக்காக அதிரும் இரண்டு அலைகள்) அளவும் 3 டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒரு தடை பாதியை மறைக்கிறது, அல்லது ஒரு டிஷ் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது.

சேனல் தேர்வை டவர் உச்சியிலிருந்து ஸ்கேன் செய்த பிறகே செய்யுங்கள், தரையில் கேட்கும் இரைச்சல் வேறு. இரவு எட்டு மணிக்கு ஒரு தடவையும் பாருங்கள். அகலம் 40 மெகாஹெர்ட்ஸ்; 80 போட ஆசைப்படாதீர்கள், கடைசித் துண்டில் இருப்பதே 150. இரைச்சல் –95 என்றால் –62 சிக்னலுக்கு 33 டெசிபல் இடைவெளி கிடைக்கும், வேகம் முழுதாக வரும். இரைச்சல் –80 ஆகிவிட்டால் 18தான். அப்போது 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்குவதே புத்திசாலித்தனம்.

40 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ 400 எம்பிபிஎஸ் என்று காட்டும். அது காற்றில் ஓடும் வேகம். ஏற்றமும் இறக்கமும் சேர்த்து அதில் பாதி சொச்சத்தை நம்பலாம். இரவு உச்ச நேரத்தில் வீட்டுக்கு 2.5 முதல் 3 எம்பிபிஎஸ் என்று வைத்தால் அறுபது வீட்டுக்கு 150–180. அதற்கு மேல் ஆள் சேர்க்கும் முன் ஃபைபர் அனுமதிக்கு மறுபடி மனு போடுங்கள்.

முடுக்கிய அன்றைய சிக்னல், இரைச்சல், இரண்டு முனைவாக்கங்களின் அளவு, தேதி நான்கையும் பெட்டியின் மூடிக்குள் மார்க்கரால் எழுதிவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஏறி, ஸ்டே வயரை இழுத்துப் பார்த்து, இன்றைய எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். 3 டெசிபல் குறைந்திருந்தால் முதலில் டிஷ்ஷைத் தொடாதீர்கள்; கீழே நின்று நடுவழித் தென்னையைப் பாருங்கள்.