ரோடு சைக்கிள் டயர்: எப்போது கழற்றுவது, எதை மாட்டுவது

ஆறு மாதம் தகரக் கொட்டகையில் சும்மா நின்ற சைக்கிளை எடுத்து, காற்றை மட்டும் அடித்துக்கொண்டு நேராக ஆழியாறு போய், வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் மூச்சு வாங்க நின்றபோதுதான் முன் டயரைக் குனிந்து பார்த்தேன். பக்கச் சுவர் முழுக்கக் கோடைக்குளத்து மண் மாதிரி வெடிப்பு. அதற்கு மேல் ஏறவில்லை, பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்துவிட்டேன்.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு டயர் என்று கணக்கு வைப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஓட்டினால்தான் டயர் தேயும், ஆனால் ஓட்டாவிட்டாலும் கெடும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தின்னும். காற்று இறங்கி மடங்கியே நின்றால் அந்த மடிப்பில் இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

சரி, எப்படிப் பார்ப்பது? மொட்டையாகிவிட்டதா என்று பார்த்துப் பயனில்லை, இந்த டயர் பிறக்கும்போதே மொட்டை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு இரண்டு விரலால் மடித்து மடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். மேலாக மயிரிழைக் கோடுகள் மட்டும் என்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம், மலைக்கு மட்டும் வேண்டாம். கோட்டுக்குள் நூல் தெரிந்தாலோ, காற்றடித்துச் சுற்றும்போது எங்காவது புடைத்து நின்றாலோ அன்றோடு அதன் கதை முடிந்தது. பின் டயரில் எடை அதிகம், மிதிக்கிற விசையும் அதில்தான், அதனால் நடுவில் தட்டையாகி இருபுறமும் விளிம்பு கட்டிவிடும். கான்டினென்டல் போன்ற சில டயர்களில் தேய்மானம் காட்டச் சின்னக் குழிகள் இருக்கும், அவை மறைந்துபோனால் மாற்ற வேண்டியதுதான்.

அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்பதற்காக மட்டும் டயரைத் தூக்கிப் போடாதீர்கள். இட்டேரியை, அதாவது இருபுறமும் வேலி கட்டிய மண் தடத்தை, ஒட்டிய ரோட்டில் ஓட்டினால் நெருஞ்சியும், வேலி வெட்டிப் போட்ட நாளில் கிளுவை முள்ளும் ஏறத்தான் செய்யும். பெருந்துறை, அவிநாசி வழியாகப் போகிற 544 நெடுஞ்சாலையின் ஓரத்தில் வேறு தொல்லை, வெடித்த லாரி டயரிலிருந்து சிதறிய மயிரிழைக் கம்பி. டயரை மாட்டும்போது அதன் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்துவிட்டால், டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும் டயரில் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். உள்பக்கம் பஞ்சை வைத்துத் துடையுங்கள், கம்பி இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். விரலை விட்டுத் தேடி நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

புதுசு வாங்கப் போகும்போது பழைய டயரின் பக்கத்தில் 25-622 மாதிரி இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 622 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். இது மாறவே கூடாது. நம்மூர்ப் பால்காரர் சைக்கிளின் 28 அங்குல டயர் 635, கடைக்காரர் எவ்வளவு சமாதானம் சொன்னாலும் அது சேராது. முன்னால் இருக்கும் 25 அகலம், அதை மாற்றலாம். மாட்டிய பிறகு டயருக்கும் பிரேக், ஃபிரேமுக்கும் இடையில் சுற்றிலும் நாலு மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்சும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 28 போடுங்கள் என்பேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ரோடுகளில் 23 டயரில் போவது முதுகுக்குத் தண்டனை.

அடுத்தது டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல். திருப்பூர்க்காரர்களுக்கு நூல் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை: எண் கூடக்கூட நூல் மெலிசு, டயர் இளக்கமாக ஓடும், ஆனால் பக்கச் சுவர் சீக்கிரம் கிழியும். டயருக்குள் இருக்கும் மூன்று நூல் அடுக்கையும் கூட்டி 330 என்று போடுகிறவர்களும் உண்டு, மயங்க வேண்டாம். பந்தயம் ஓட்டாதவருக்கு கேட்டர்ஸ்கின் மாதிரி முள் தாங்கும் அடுக்கு வைத்த கெட்டி டயர் போதும், கொஞ்சம் கனமாக ஓடும், ஓடட்டும். டியூப்லெஸ் ஆசை இருந்தால் முதலில் ரிம் அதற்குரியதா என்று பாருங்கள். உள்ளே ஊற்றும் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்.

ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசு முன்னால். முன் டயர் நன்றாக இருந்தால் அதைக் கழற்றிப் பின்னால் மாட்டுங்கள். பின்னால் வெடித்தால் எப்படியோ சமாளித்து நிறுத்தலாம், முன்னால் வெடித்தால் விழுவதுதான்.

மாட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், டியூபைக் கடித்துவிடும். டியூபில் கொஞ்சம் காற்று விட்டு, வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி, டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்து வால்வருகே முடித்தால் கட்டை விரலே போதும். காற்று, பக்கத்தில் அச்சடித்த உச்ச அளவுக்கு வேண்டாம். எழுபது கிலோ ஆளுக்கு 28 டயரில் பின்னால் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பாருங்கள்.

பழைய டயரில் நூல் தெரியாத இடமாக ஒரு விரல் நீளம் வெட்டி, சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் போட்டு வையுங்கள். வழியில் டயர் கிழிந்தால் உள்ளே வைத்து வீடு வரை ஓட்டலாம்.