செயலி உருவான நேரத்தை நிரலிலேயே பெற
ஆண்ட்ராய்டு செயலி உருவான நாளையும் நேரத்தையும் நிரலுக்குள் அறிய, கிரேடில் (செயலியைத் தொகுக்கும் கருவி) கோப்பின் ரிலீஸ் (வெளியீட்டுப் பதிப்பு) பகுதியில் பில்ட்கான்ஃபிக்ஃபீல்டு என்ற கட்டளை வழியாக லாங் (பெரிய முழு எண்) வகை மாறிலி ஒன்றைச் சேர்த்து, தொகுக்கும் நேரத்தைக் குறிக்கும் மில்லிவினாடி எண்ணை, இறுதியில் எல் என்ற எழுத்துடன் அதற்கு மதிப்பாகக் கொடுங்கள். அந்த எழுத்து விடுபட்டால் எண் இன்ட் (சிறிய முழு எண்) வகையில் அடங்காமல் பிழை காட்டும். ஏபிகே-யின் (செயலியின் நிறுவல் கோப்பு) உள்கோப்புத் தேதியைப் படிக்கும் பழைய வழியை நம்ப வேண்டாம்: இப்போதைய கருவிகள் அங்கே 1980-ஐ ஒட்டிய பொய்த் தேதியையே பதிக்கின்றன. ஆண்ட்ராய்டு கிரேடில் செருகுநிரல் 8.0 முதல், இந்த மாறிலியைத் தாங்கும் பில்ட்கான்ஃபிக் வசதியை நாமே இயக்க வேண்டும். டீபக் (பிழைதிருத்தப்) பதிப்பில் இந்த மாறிலிக்குப் பூஜ்யம் போதும். இல்லையெனில் ஒவ்வொரு முறையும் மறுதொகுப்பு நிகழ்ந்து நேரம் வீணாகும். கிரேடிலின் கான்ஃபிகரேஷன் கேஷ் (முந்தைய அமைவைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் வசதி) இயங்கும் திட்டங்களில் பழைய நேரமே உறைந்து நிற்கக்கூடும் என்பதால், அங்கே இம்முறை உதவாது.