செட்டிநாட்டுச் செம்மண்ணில் சம மட்ட வாய்க்கால் வெட்டுவது எப்படி?

பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து நிலத்தையும் தோட்டத்தையும் திட்டமிடும் முறை, என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். டாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் யோசித்து 1978-இல் புத்தகமாகப் போட்ட விஷயம், 72 மணி நேரப் பயிற்சி வகுப்புகள் வழியாக நாடு நாடாகப் பரவி, 2017-இல் அதன் சர்வதேச மாநாடு ஹைதராபாத்திலேயே நடந்தது. அதில் காரைக்குடிப் பக்கத்துக்கு முதலில் வேண்டியது, மழைத் தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கும் சம மட்ட வாய்க்கால்தான். முற்றத்தில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் பிடித்துவைத்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஐப்பசி மழைக்கு முன்னாலேயே, ஆவணி புரட்டாசியில் வெட்டிவிடுங்கள். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அந்த டியூபை வாங்கிக்கொண்டு, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் இருக்கிற இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போங்கள். கோடு வளைந்து வளைந்துதான் போகும், அதை நேராக்காதீர்கள். அந்தக் கோட்டில் முழங்கால் ஆழம் தோண்டி, மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போடுங்கள். அடிமட்டமும் சமமாக இருந்தால்தான் தண்ணீர் ஓடாமல் நின்று இறங்கும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி வேண்டாம்.

அப்புறம் கரையில் முருங்கை, சீத்தா, நெல்லி, இடையில் துவரை. காய்ந்த சருகால் மூடாக்கு கனமாகப் போடுங்கள், செம்மண் அவ்வளவு சூடேறும்.

நிரம்பி வழிவதற்குக் கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பதித்து, ஊருணிக்குப் போகும் வரத்துக்கால் பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த வரத்துக்காலை மட்டும் யாரும் மறிக்கவே கூடாது.