ரியாக்ட் தெரிந்தவர் ஸ்வெல்ட் கற்கலாமா? முடிவெடுக்கும் முறை

வலைச் செயலிகளின் திரையை ஜாவாஸ்கிரிப்ட்டில் உருவாக்க உதவும் ரியாக்ட்டில் ஓரிரு ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், அதே வேலைக்கான புதிய ஃபிரேம்வொர்க் (செயலி கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகம்) ஒன்றில் கைவைக்கும் முன், அதற்கு எவ்வளவு நேரம் போகும், அதிலிருந்து எது தம்மிடம் தங்கும் என்ற இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் முறையை ஸ்வெல்ட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். சாலிட் போன்ற வேறொன்றை நீங்கள் எண்ணியிருந்தாலும் இதே முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், ஏன் கற்க நினைக்கிறீர்கள் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை கிடைக்க வேண்டும் என்பதே காரணமானால், வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் உங்கள் ஊரையும் அனுபவ ஆண்டுகளையும் குறிப்பிட்டு, ரியாக்ட், ஆங்குலர், ஸ்வெல்ட் ஆகியவற்றைத் தனித்தனியே தேடுங்கள். ஸ்வெல்ட்டுக்கான இடங்கள் மற்ற இரண்டையும் விட மிகக் குறைவாகவே தென்படும். சேவை நிறுவனங்களில் எதைக் கொண்டு எழுதுவது என்பதைப் பல நேரங்களில் வாடிக்கையாளரே தீர்மானிப்பதால், உங்கள் விருப்பம் அங்கே எடுபடாமல் போகலாம். முதல் வேலை தேடும் பட்டதாரிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இப்போதைக்கு வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டின் அடிப்படைகளான குளோஷர், பிராமிஸ், ஈவென்ட் லூப் ஆகியவற்றைத் தடுமாறாமல் விளக்க முடியாத நிலையில் இரண்டாவது ஃபிரேம்வொர்க் கற்பவருக்கு, முதலாவதில் இருந்த குழப்பமே வேறு பெயரில் திரும்பி வரும்.

காரணம் வேலை தேடுவது மட்டும் அன்று என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அந்த ஃபிரேம்வொர்க்கின் அடிப்படைக் கருத்து உங்களுக்குப் புதியதா என்பது. செய்தி நிறுவனங்களுக்காக ஊடாடும் பக்கங்களை உருவாக்கிய ரிச் ஹாரிஸ் 2016-இல் ஸ்வெல்ட்டை வெளியிட்டபோது முன்வைத்த கருத்து தெளிவானது. ரியாக்ட், நிலை (ஸ்டேட், அதாவது திரை சார்ந்திருக்கும் தரவு) மாறும்போதெல்லாம் காம்பொனன்ட்டை, அதாவது திரையின் அந்தப் பகுதிக்கான நிரல் துண்டை, மறுபடி இயக்கி, கிடைத்த உறுப்பு மரத்தைப் பழைய மரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளை மட்டும் பக்கத்தில் எழுதுகிறது. ஸ்வெல்ட்டோ, எந்த மாறி பக்கத்தின் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதைப் பெருமளவு கம்பைல் செய்யும்போதே (செயலி பிரவுசருக்குப் போகும் முன்பே) கண்டறிந்து, அந்த இடத்தை மட்டும் மாற்றும் நிரலை உருவாக்கித் தருகிறது. 2024 அக்டோபரில் வந்த 5-ஆம் பதிப்பு இதனுடன் சிக்னல் என்னும் முறையையும் அடித்தளமாக்கியது; ஒரு மதிப்பு மாறும்போது அதைப் பயன்படுத்தும் இடங்களுக்கு மட்டும் அந்த மாற்றத்தைத் தெரிவிப்பதே சிக்னல். ஆங்குலர் 2023-இலேயே சிக்னலைக் கொண்டுவந்தது. சாலிட் தொடக்கத்திலிருந்தே அதன்மேல் நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே அதைச் சேர்க்கும் முன்மொழிவும் 2024-இல் முதற்கட்டத்துக்கு வந்தது. ஆகவே ஸ்வெல்ட்டின் எழுத்துமுறை நாளை மறந்துபோனாலும், சிக்னலைப் பற்றிய புரிதல் பல இடங்களில் கைகொடுக்கும். நேரத்தைச் செலவிடலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இதை ஒரு சிறிய சோதனையில் நேரடியாகக் காணலாம். ரியாக்ட்டில் நிலையாக வைத்திருக்கும் ஒரு பட்டியலில் புஷ் மூலம் ஓர் உறுப்பைச் சேர்த்து, அதே பட்டியலை மீண்டும் செட் செய்தால், அது அதே பட்டியலைச் சுட்டும் ரெஃபரன்ஸாகவே இருப்பதால் திரையில் எதுவும் மாறாது. ஸ்வெல்ட்டின் 3, 4-ஆம் பதிப்புகளிலும் புஷ் மட்டும் போதாது. பட்டியலைத் தனக்குத்தானே ஒப்படைக்கும் (அசைன் செய்யும்) ஒரு வரி கூடுதலாக வேண்டும், ஏனெனில் அங்கே கம்பைலர் ஒப்படைப்பைத்தான் கவனிக்கிறது. 5-ஆம் பதிப்பில் '$ஸ்டேட்' கொண்டு அறிவித்த பட்டியலில் புஷ் செய்தவுடன் திரை மாறுகிறது, ஏனெனில் பட்டியலைச் சுற்றி, அதில் நடக்கும் மாற்றங்களைக் கவனிக்கும் ஒரு பிராக்ஸி இருக்கிறது. ஆனால் அந்த நிலையிலிருந்து ஒரு மதிப்பைப் பிரித்தெடுத்துத் தனி மாறியில் வைத்தால், அந்த மாறி அதன்பின் தானாக மாறாது. இந்த நான்கு நடத்தைகளையும் நீங்களே எழுதி ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிப் பாருங்கள். ரியாக்ட்டில் யூஸ்எஃபெக்ட்டுக்கு, எந்த மதிப்புகள் மாறினால் அது மறுபடி ஓட வேண்டும் என்று சொல்லும் சார்புப் பட்டியல் ஏன் தேவைப்படுகிறது என்பதும் அப்போது தெளிவாகப் பிடிபடும்.

அடுத்ததாக, பயிற்சிப் பாடத்தைத் திறக்கும் முன் பதிப்பு மாற்ற வழிகாட்டியை வாசியுங்கள். ஒரு ஃபிரேம்வொர்க் தன் பழைய பயனர்களை எப்படி நடத்தியது என்பதை அங்கேதான் அறிய முடியும். 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸில் எழுதியவர்களுக்கு, 2016-இல் வந்த ஆங்குலர் 2 ஏறக்குறைய முற்றிலும் வேறொரு கருவியாகவே இருந்தது. பல குழுக்கள் செயலியை மறுபடி எழுத நேர்ந்தது. ஸ்வெல்ட் 5-உம் எழுத்துமுறையைப் பெரிதாக மாற்றியது என்றாலும், பழைய முறையில் எழுதிய காம்பொனன்ட்களை அதே செயலியில் தொடர்ந்து இயங்க விட்டதுடன், தானாக மாற்றித் தரும் கருவியையும் வழங்கியது. இந்த வேறுபாட்டுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பிறகு கட்டிப் பாருங்கள். செய்ய வேண்டியவை பட்டியல் போன்ற பயிற்சிச் செயலி எதையும் காட்டிக்கொடுக்காது. ரியாக்ட்டில் நீங்கள் முன்பே முடித்த ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: உள்நுழைவு, சர்வரிலிருந்து பக்கம் பக்கமாக வரும் அட்டவணை, பிழைச் செய்தி காட்டும் படிவம், தேதி தேர்வுப் பெட்டி ஆகியவை அதில் இருக்கட்டும். அதை, ஸ்வெல்ட்டைக் கொண்டு முழுச் செயலி கட்டுவதற்கான ஸ்வெல்ட்கிட்டில் திரும்ப எழுதுங்கள். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். எழுதும்போது எந்த லைப்ரரியைத் தேடியும் கிடைக்கவில்லை, எதற்கு மாற்றாக நீங்களே எழுத வேண்டியிருந்தது என்று குறித்து வாருங்கள். அட்டவணை, தேதி, வரைபடம் ஆகிய மூன்றிலும் ரியாக்ட்டுக்கு இருக்கும் அளவுக்குத் தேர்வுகள் இங்கே இல்லை என்பது விரைவில் தெரியவரும். முடித்ததும் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்து வைத்து, இரண்டையும் திறந்து, இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட்டின் அளவை ஒப்பிடுங்கள். சிறிய பக்கத்தில் ஸ்வெல்ட் முன்னிற்கும். செயலி வளர வளர உங்கள் சொந்த நிரலும் லைப்ரரிகளுமே எடையின் பெரும்பகுதியாகிவிடுவதால், அந்த முன்னிலை முக்கியத்துவத்தை இழக்கும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரைக் கொண்டு நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை கற்ற உரைகளில் ரியாக்ட்டே மிகுதி என்பதால், ஸ்வெல்ட் 5-ஐக் கேட்டாலும் 'எக்ஸ்போர்ட் லெட்' போன்ற 4-ஆம் பதிப்பின் எழுத்துமுறையைக் கலந்து தருவது உண்டு. அதைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் அளவுக்கு அதிகாரபூர்வ ஆவணத்தை வாசித்த பிறகே உதவியாளரை நாடுங்கள்.

கற்றதை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினால், வாடிக்கையாளர் பயன்படுத்தும் முதன்மைச் செயலியைத் தொடாதீர்கள். தேவைப்பட்டால் சில நாட்களில் ரியாக்ட்டில் திரும்ப எழுதிவிடக்கூடிய உள்பயன்பாட்டுப் பக்கம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குழுவில் இன்னொருவரும் அதைப் படித்துத் திருத்தும் அளவுக்குத் தயாரான பிறகே மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால், சொந்த வேலைகளுக்கு மட்டும் ஸ்வெல்ட்டை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் ரியாக்ட்டையே தொடருங்கள்.