இடைநிலை ஆட்டக்காரருக்கு டென்னிஸ் ராக்கெட்: வீட்டில் அளப்பது, கோர்ட்டில் சோதிப்பது

ராலியில் பந்தைத் தொடர்ந்து உள்ளே போட முடிகிறது, டாப்ஸ்பின் ஓரளவு பிடிபட்டுவிட்டது, இரண்டாவது சர்வை வெறுமனே தட்டிவிடாமல் சுழற்றிப் போடப் பார்க்கிறீர்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். முதல் ராக்கெட் போதவில்லை என்று தோன்றி, இரண்டு மூன்று டெமோ ராக்கெட்டுகளை வாங்கி வந்து வைத்துக்கொண்டு, நேற்று அது நன்றாக இருந்ததே, இன்று இது நன்றாக இருக்கிறதே என்று குழம்பும் கட்டம் இது. ராக்கெட்டின் பாகங்கள், பிடிக்கும் முறை எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் கட்சி இதுதான்: ஃப்ரேமின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அது ஸ்ட்ரிங் போடாத ராக்கெட்டின் எண், அதுவும் உத்தேசமானது. 300 கிராம் என்று போட்டுவிட்டு ஏழு கிராம் கூடக் குறைய இருக்கலாம் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. ஒரே மாடலில் இரண்டு வாங்கினால் இரண்டும் இரண்டு மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். அதனால் கையில் இருக்கும் ராக்கெட்டை நாமே அளந்துவிடுவோம். சமையலறைத் தராசு, பென்சில், அளவு டேப், இரண்டு ஸ்க்ரூடிரைவர், போன் போதும்.

படி 1: எடுத்தவுடன் கழித்துவிட வேண்டியவை

இதற்கு அதிக நேரம் செலவழிக்காதீர்கள். ஹெட் சைஸ் 98 முதல் 102 சதுர அங்குலத்துக்குள், நீளம் வழக்கமான 27 அங்குலம் (68.5 செ.மீ.), ஸ்ட்ரிங் இல்லாமல் 285 முதல் 305 கிராம், ஸ்ட்ரிங் பேட்டர்ன் 16×19 (நெடுக்கில் 16, குறுக்கில் 19 ஸ்ட்ரிங்). இந்த வட்டத்துக்குள் நின்றால் போதும். பாபொலாட் ப்யூர் டிரைவ், யோனெக்ஸ் ஈஸோன் 100, ஹெட் ஸ்பீட் எம்பி எல்லாமே 100 சதுர அங்குலம், 300 கிராம் என்ற அதே அச்சில் வார்த்தவைதான். வில்சன் பிளேட் 98 மாதிரி கொஞ்சம் சின்ன தலை பிடித்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் அதில் 18×20 பேட்டர்னும் வருகிறது. பந்தைத் தட்டையாக அடிப்பவர்களுக்கு அது சரி, டாப்ஸ்பின்னை இப்போதுதான் பழகுகிறவர்கள் 16×19 எடுப்பதே நல்லது.

ஃப்ரேமின் விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் சொல்வார்கள். வீட்டில் அளக்க முடியாது, அதனால் நிறுவனமோ விமர்சகர்களோ தரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 60க்குக் கீழே என்றால் வளைந்து கொடுக்கும், 70ஐ ஒட்டினால் விறைப்பு. முழங்கை ஏற்கெனவே முணுமுணுக்கிறது என்றால் விறைப்பான ஃப்ரேமும் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கும் சேர்ந்த கூட்டணியைத் தொடவே தொடாதீர்கள்.

படி 2: ஸ்ட்ரிங்கைச் சமன் செய்யுங்கள்

டெமோ ராக்கெட்டுகளில் பெரும்பாலும் யார் எப்போது போட்டது என்றே தெரியாத ஸ்ட்ரிங் இருக்கும். ஒன்றில் தளர்ந்துபோன பாலி (பாலியெஸ்டர்), இன்னொன்றில் புது மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகள் பல சேர்ந்த மென்மையான ஸ்ட்ரிங்). இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு ‘இந்த ஃப்ரேம் நல்லா பவர் தருது’ என்றால், நீங்கள் பேசுவது ஸ்ட்ரிங்கைப் பற்றி, ஃப்ரேமைப் பற்றி அல்ல. செய்தால் ஒழுங்காகச் செய்யுங்கள்: கடைசி இரண்டு ராக்கெட்டுகளுக்குப் பட்டியல் சுருங்கியதும், கொடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டிலும் ஒரே ஸ்ட்ரிங்கை ஒரே டென்ஷனில் போடச் சொல்லுங்கள். நான் சோதனைக்கு எப்போதும் 1.30 மி.மீ. மல்டிஃபிலமென்ட்டை 53 பவுண்டில் போடுவேன். பாலி போட்டால் முதல் சில மணி நேரத்திலேயே டென்ஷன் மளமளவென இறங்கிவிடும், நேற்றைய ராக்கெட்டும் இன்றைய ராக்கெட்டும் ஒன்றாக இருக்காது.

மறுபடி ஸ்ட்ரிங் போட வழியில்லையா? குறைந்தபட்சம் ஒரு பேனாவால் ஸ்ட்ரிங்கின் நடுவே தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே வகை ஸ்ட்ரிங், ஒரே ஹெட் சைஸ் என்றால் சுருதி அதிகமாகக் கேட்பது டைட்டானது. வேறு வேறு ஸ்ட்ரிங் என்றால் இந்த ஒப்பீடு செல்லாது.

படி 3: எடையும் பேலன்ஸும்

தராசின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து, எண்ணைச் சுழியாக்கிவிட்டு, அதன் மேல் ராக்கெட்டைப் படுக்க வையுங்கள். டம்ளர் இல்லாவிட்டால் ராக்கெட் திரையை மறைத்துக்கொள்ளும், கைப்பிடி மேஜையில் இடித்து எடையைக் குறைத்துக் காட்டும். ஒரு கிராம் துல்லியம் போதும். ஸ்ட்ரிங் போட்டால் ஏறத்தாழ 15 முதல் 18 கிராம் கூடும், அதனால் 300 என்று அச்சடித்தது 316, 318 என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்து, ஒரு பென்சிலை மேஜையில் வைத்து, அதன் மேல் ராக்கெட்டைக் குறுக்காக வைத்து நகர்த்துங்கள். தலைப்பக்கமும் சாயாமல் கைப்பிடிப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்தான் பேலன்ஸ். கைப்பிடியின் அடி விளிம்பிலிருந்து அது எத்தனை செ.மீ. என்று மில்லிமீட்டர் வரைக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதில் சோம்பல் பட்டால் அடுத்த படியில் கணக்கு உதைக்கும்.

படி 4: ஸ்விங்வெயிட்

இங்கேதான் ஆளாளுக்குத் தடுக்கி விழுவார்கள், அதனால் நிதானமாகப் போவோம்.

துடைப்பத்தைக் காம்பைப் பிடித்து வீசுவதற்கும், திருப்பி வாரியலைப் பிடித்துக் காம்பை வீசுவதற்கும் வித்தியாசம் தெரியும்தானே? எடை அதேதான், வீசும் கனம் வேறு. ஸ்விங்வெயிட் என்பது அந்த வீசும் கனம். கைப்பிடியின் அடியிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஓர் அச்சு இருப்பதாக வைத்துக்கொண்டு, ராக்கெட்டின் ஒவ்வொரு துளி எடையையும் அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவது. இரண்டு ராக்கெட்டும் 318 கிராம் காட்டும், ஒன்று 310, மற்றது 328 என்று இருக்கும். கோர்ட்டில் நீங்கள் உணர்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

அளக்கும் முறை: மெல்லிய ஸ்க்ரூடிரைவர் இரண்டை ஒரு ஜாண் இடைவெளிக்கும் குறைவாக, கம்பிகள் மேஜை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, பிடிகளின் மேல் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். ராக்கெட்டைத் தலைகீழாக, அதாவது கைப்பிடி கீழே தொங்கும்படி பிடித்து, தலையின் உச்சியில் இருக்கும் முதல் குறுக்கு ஸ்ட்ரிங் அந்த இரண்டு கம்பிகளின் மேல் உட்காரும்படி மாட்டுங்கள். இப்போது ராக்கெட்டின் முகம் மேஜையைப் பார்த்திருக்கும். கைப்பிடியை ஒரு கையகலத்துக்கு மேல் இழுக்காமல் விட்டால், மேஜைக்கு அடியிலும் வெளியிலுமாக ஊசலாடும். ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது முகம் முன்னே போகிற மாதிரியே ஆட வேண்டும். பக்கவாட்டில், ஓரம் முன்னே போகிற மாதிரி ஆடவிட்டு அளந்தால் விடை 12, 15 எண் கூடுதலாக வரும்.

போய்த் திரும்பி வந்தால் ஓர் ஊசல். 20 ஊசலுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். இரண்டு விஷயம் கவனம். ஒன்று, ராக்கெட் ஒரு பக்கக் கோடியில் தயங்கி நிற்கும் இடத்தில் எண்ணாதீர்கள், நடுவே செங்குத்தாகக் கடக்கும் இடத்தில் எண்ணுங்கள். அங்கேதான் வேகம் அதிகம், அதனால் நேரம் துல்லியமாகக் கிடைக்கும். ஒரே திசையில் கடக்கும்போது மட்டும் எண்ண வேண்டும். இரண்டு, ஸ்டாப்வாட்சைத் தட்டும்போது வாய் ‘சுழி’ என்று சொல்ல வேண்டும், ‘ஒன்று’ என்று அல்ல. ஒன்று என்று ஆரம்பித்து இருபதில் நிறுத்தினால் நடந்தது 19 ஊசல்தான். இது என்ன பெரிய தப்பு என்று தோன்றும். கீழே கணக்கைப் பாருங்கள்.

மொத்த நேரத்தை 20ஆல் வகுத்தால் ஓர் ஊசலின் நேரம். குறுக்கு ஸ்ட்ரிங்குக்கும் கைப்பிடி அடிக்கும் உள்ள தூரத்திலிருந்து பேலன்ஸைக் கழித்தால் வருவதைத் தொங்கு தூரம் என்று வைத்துக்கொள்வோம். எடையைக் கிலோவில் எழுதுங்கள். பிறகு:

24.85 × எடை × தொங்கு தூரம் × நேரத்தின் வர்க்கம். இதிலிருந்து எடை × தொங்கு தூரத்தின் வர்க்கத்தைக் கழியுங்கள். அதோடு எடை × (பேலன்ஸ் − 10)ன் வர்க்கத்தைக் கூட்டுங்கள்.

உதாரணம்: 0.318 கிலோ, பேலன்ஸ் 33 செ.மீ., குறுக்கு ஸ்ட்ரிங் 65 செ.மீ.யில், 20 ஊசலுக்கு 27.5 விநாடி. தொங்கு தூரம் 32, ஓர் ஊசல் 1.375 விநாடி. முதல் பகுதி 478, கழிப்பது 325.6, கூட்டுவது 168.2. விடை ஏறத்தாழ 321.

இதே ராக்கெட்டை ‘ஒன்று’ என்று ஆரம்பித்து எண்ணியிருந்தால் 26.1 விநாடியில் நிறுத்தியிருப்பீர்கள், விடை 274 என்று வந்து நிற்கும். சிறுவர் ராக்கெட் கணக்காகிவிடும்! பேலன்ஸை 33க்குப் பதில் 33.5 என்று எழுதியிருந்தால் 331. அரை செ.மீ. பத்து எண்ணைத் தூக்கிவிடுகிறது. நேரத்தைச் சில முறை எடுத்து, ஒட்டாத ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதன் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்ப்பது இன்னும் நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன். இதற்கென்று ஆப்களும் இருக்கின்றன, ஆனால் எந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விடையை மட்டும் வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

விடையை எப்படிப் படிப்பது? ஸ்ட்ரிங்கோடு 310 முதல் 325 வரை இடைநிலை ஆட்டக்காரர்களில் பலருக்கும் பொருந்தும். 300க்குக் கீழே போனால், வேகமாக வரும் பந்தைத் தடுத்து ஆடும்போது ராக்கெட் பின்னால் தள்ளப்படும். 330க்கு மேல் என்றால் முதல் செட்டில் சிங்கம் மாதிரி இருக்கும், மூன்றாவது செட்டில் எல்லாப் பந்துக்கும் தாமதமாவீர்கள்.

இரண்டுக்கு நடுவில் தடுமாறினால் எடை குறைந்ததை எடுங்கள். கூட்டுவது சுலபம்: தலை உச்சியில் மூன்று கிராம் ஈய டேப் ஒட்டினால் ஸ்விங்வெயிட் சுமார் பத்து கூடும். தலையின் இரு பக்கங்களிலும் ஒன்றரை கிராம் வீதம் ஒட்டினால் ஐந்து, ஆறுதான் கூடும், ஆனால் நடுவில் படாத பந்துக்கு ராக்கெட் கையில் திருகிக்கொள்வது குறையும். குறைப்பதற்குச் சுலபமான வழி கிடையாது.

படி 5: கோர்ட்டில்

இரண்டு ராக்கெட்டிலும் ஒரே ஓவர்கிரிப் (கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு சூடான பிறகு எடுக்கும் ராக்கெட் எப்போதுமே நல்ல ராக்கெட்டாகத்தான் தெரியும், அதனால் முதலில் உங்கள் பழைய ராக்கெட்டால் வார்ம்அப் முடித்துவிட்டு, அப்புறம் முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது என்று மாற்றி மாற்றி ஆடுங்கள்.

ஃபோர்ஹேண்ட் ராலியை வைத்து முடிவெடுக்காதீர்கள். வசதியாக வரும் பந்தை எந்த ராக்கெட்டாலும் அடிக்கலாம். நான் பார்ப்பது மூன்றே இடங்கள். வேகமான சர்வை வெறுமனே தடுத்துத் திருப்பும் ரிட்டர்ன், ஸ்வீட் ஸ்பாட்டுக்கு (முகத்தில் பந்து சரியாகப் பட வேண்டிய நடுப்பகுதி) தள்ளிப் படுகிற வாலி, கால் சோர்ந்த பிறகு போடும் இரண்டாவது சர்வ். ரிட்டர்னுக்கு ஓர் எண்ணிக்கை வையுங்கள்: 20 சர்வ் போடச் சொல்லி, உங்கள் ரிட்டர்ன்களில் எத்தனை எதிர்ப்பக்க சர்வீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தன என்று எண்ணுங்கள். வலையைத் தாண்டிக் குட்டையாக விழுந்தால் கணக்கில் சேராது. வாலியில் பந்து படும் கணத்தில் கைப்பிடி உள்ளங்கையில் உருள்கிறதா என்று கவனியுங்கள். உருண்டால் கிரிப்பும் சின்னதாக இருக்கலாம், அதை அடுத்து பார்ப்போம். இரண்டாவது சர்வை மட்டும் ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகுதான் சோதிக்க வேண்டும், புத்துணர்ச்சியோடு போட்டுப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

மறுநாள் காலையில் முழங்கையின் வெளிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். வலித்தால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஃப்ரேம், ஸ்ட்ரிங் ஜோடியை விட்டுவிடுங்கள்.

படி 6: கிரிப்

ராக்கெட்டைப் பிடித்தால் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மறு கையின் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஓவர்கிரிப் சுமார் அரை சைஸ் கூட்டும், அதனால் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். ஹெட் கைப்பிடிகள் வழக்கமாகக் கொஞ்சம் தட்டையாகவும் மற்றவை சதுரமாகவும் இருக்கும், சைஸ் எண் ஒன்றாக இருந்தாலும் கைக்கு ஒன்றாகத் தெரியாது.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்களிடமிருந்து வந்த சந்தேகங்கள்:

டேம்ப்னரை (அதிர்வைக் குறைக்க ஸ்ட்ரிங்கில் மாட்டும் ரப்பர் துண்டு) கழற்றாமல் அளக்கலாமா? அதன் இரண்டு கிராம் ஸ்விங்வெயிட்டை ஓரிரு எண்தான் மாற்றும், ஆனால் இரண்டு ராக்கெட்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஓவர்கிரிப் கதை வேறு. ஐந்து கிராம் கைப்பிடியில் ஏறுவதால் ஸ்விங்வெயிட் அசையாது, பேலன்ஸ் மட்டும் மூன்று நான்கு மில்லிமீட்டர் கைப்பிடிப் பக்கம் நகரும். ஓவர்கிரிப் இல்லாமல் அளந்த பேலன்ஸையும் போட்ட பிறகு அளந்த எடையையும் கலந்துவிட்டால் கணக்கு உதைப்பது அதனால்தான். எல்லாவற்றையும் ஒரே நிலையில், ஒரே அமர்வில் அளந்துவிடுங்கள்.

விடை லட்சக்கணக்கில் வருகிறதா? எடையைக் கிராமில் போட்டிருக்கிறீர்கள்.

பழைய ராக்கெட்டாக வாங்குகிறவர்கள் இதையெல்லாம் அளப்பதற்கு முன்னால், வெளிச்சத்தில் பிடித்து ஸ்ட்ரிங் நுழையும் ஓட்டைகளுக்கு நடுவே முடி மாதிரி கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். நகத்தால் வருடினால் பெயின்ட் உதிர்ந்த இடம் சின்னப் பள்ளமாகத் தட்டுப்படும், விரிசல் என்றால் நகம் கோட்டில் மாட்டும். தலையை இரு கையாலும் பிடித்து லேசாக அமுக்கும்போது நெறுக்கென்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.